சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரிதாக்கும் முன் அலசும் தொட்டியைப் பாருங்கள்

வாசகர் கடிதம்:

நிக்கல், குரோம் முலாம் பூசும் சிறிய பட்டறை ஒன்றை அப்பாவுக்குப் பிறகு நான் நடத்துகிறேன். சயனைடு எதுவும் நாங்கள் பயன்படுத்துவதில்லை. நிக்கல் தொட்டிக்குப் பிறகு ஓடும் நீரில் ஓர் அலசல், குரோம் தொட்டிக்குப் பிறகு இன்னோர் அலசல். எல்லாத் தண்ணீரும் ஒரே குழிக்குப் போகிறது. அங்கே சுண்ணாம்பு போட்டுக் கசடைப் படிய வைக்கிறோம். நாளைக்கு 10,000 லிட்டருக்குக் கட்டிய நிலையத்துக்கு இப்போது 14,000 லிட்டர் வருகிறது. வெளியேறும் நீர் சில நாட்களில் இளமஞ்சளாக இருக்கிறது. கசடு டிரம்கள் கொட்டகை நிறைய அடுக்கிக் கிடக்கின்றன. நிலையத்தை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று ஆலோசகர் ஒருவர் திட்டம் கொடுத்திருக்கிறார். செங்கல் செய்பவர் ஒருவர் கசடை இலவசமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். தண்ணீரைக் குறைக்கலாமா என்று கேட்டால், "தண்ணி நல்லா ஓடினாத்தான் சரக்கு சுத்தமா வரும்" என்கிறார் எங்கள் மேஸ்திரி. நச்சு குறைந்த டிரைவேலன்ட் வகைக் குரோமுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா? என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். அந்தத் திட்டத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கசடை அந்த நண்பருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு, காரணங்களுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் கழிவுநீர் எவ்வளவு வருகிறது, நிலையம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு தெளிவாக இருக்கிறது. அந்த நீருக்குள் இருக்கும் நிக்கலும் குரோமும் எங்கிருந்து வந்தன என்ற கணக்கு இல்லை. அவை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சரக்கு. ஜிக்கில், அதாவது பொருளை மாட்டித் தொட்டியில் இறக்கும் சட்டத்தில், மாட்டிய பொருள் முலாம் தொட்டியிலிருந்து மேலே எழும்போது, அதன் உடம்பிலும் ஜிக்கிலும் கரைசல் படலமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. தொழிலில் இதை டிராக் அவுட் என்கிறோம். அலசும் தொட்டியில் கழுவப்படுவது அதுதான். முலாம் பட்டறையின் உலோகக் கழிவில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் போகிறது.

அளவு தெரிய ஒரு கணக்கு போடுவோம். வழக்கமான வாட்ஸ் நிக்கல் கரைசலில் லிட்டருக்குச் சுமார் 75 கிராம் நிக்கல் இருக்கும். மணிக்கு ஒரு லிட்டர் டிராக் அவுட் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் 8 லிட்டர் கரைசல், அதாவது 600 கிராம் நிக்கல், அலசும் நீரில் போகிறது. அது ஹைட்ராக்சைடாகப் படியும்போது உலர்ந்த எடை ஏறத்தாழ 950 கிராம். ஆனால் படிந்த கசடில் பெரும்பகுதி தண்ணீர்தான். நூற்றுக்கு மூன்று பங்கு திடப்பொருள் உள்ள தளர்ந்த கசடாக எடுத்தால் அது 30 கிலோவைத் தாண்டும். ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்தாலும் 3 கிலோ நிற்கும். தொட்டியின் விளிம்பில் சொட்டிய 8 லிட்டர்தான் கொட்டகையில் 30 கிலோவாக உட்கார்ந்திருக்கிறது. நிலையத்தை இரண்டு மடங்காக்கினால் இந்தக் கணக்கில் ஒரு கிராம்கூடக் குறையாது. இழப்பைக் கையாளும் வசதிதான் பெரிதாகும்.

கரைசலில் உள்ள போரிக் அமிலத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அது சுண்ணாம்பில் நிக்கல் போலப் படியாது. உங்கள் நிலையம் எவ்வளவு பெரிதானாலும் அந்த அமிலத்தில் உள்ள போரான் அதன் வழியே வெளியே போய்விடும். அதைக் குறைக்க உங்கள் அளவிலான பட்டறைக்கு உள்ள நடைமுறை வழி, அது தொட்டியை விட்டு வெளியே வராமல் பார்ப்பதுதான்.

கழிவு பிறந்தபின் சுத்திகரிப்பதைவிடப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது என்பது புது யோசனை இல்லை. 3எம் நிறுவனம் மாசைத் தடுப்பது லாபம் தரும் என்ற பெயரிலேயே 1975இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 1989இல் தூய்மையான உற்பத்திக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. ஆனாலும் சிறு பட்டறைகளுக்கு வரும் ஆலோசனை இன்னமும் குழாயின் கடைசி முனையிலேயே நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பார்க்காமல் நிலையத்தின் அளவை முடிவு செய்யக் கூடாது.

முதலில் உங்கள் டிராக் அவுட் எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். பெரிய ஆய்வகம் தேவையில்லை. நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை வைத்து அதில் கரைந்த உப்பைக் காட்டும் கடத்துதிறன் மீட்டர் ஒன்று போதும். சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்து, அதில் நிக்கல் கரைசலை 1 மில்லி, 2 மில்லி, 5 மில்லி, 10 மில்லி என்று சேர்த்து ஒவ்வொரு முறையும் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்து ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அலசும் தொட்டியில் அதே தண்ணீரைப் புதிதாக நிரப்பி, ஓட்டத்தை மூடிவிட்டு, எண்ணி வைத்த ஜிக்குகளை வழக்கம்போல் ஓட்டச் சொல்லுங்கள். கடைசியில் தொட்டியைக் கலக்கி மீட்டரை வையுங்கள். உதாரணமாக, 200 லிட்டர் தொட்டியில் 40 ஜிக் போனபின் மீட்டர் லிட்டருக்கு 5 மில்லி என்று காட்டினால், மொத்தம் ஒரு லிட்டர் கரைசல் வந்திருக்கிறது, ஜிக்குக்கு 25 மில்லி. குரோம் தொட்டிக்கும் தனியாக இதையே செய்யுங்கள். இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் எந்த முதலீடும் வேண்டாம்.

அளக்கும்போதே ஜிக்கை எப்படி எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். வேகமாகத் தூக்கினால் தடித்த படலம் ஒட்டி வரும். மெதுவாக எடுத்தால் கரைசல் தானாக வழிந்து தொட்டிக்கே திரும்பும். எடுத்ததும் தொட்டிக்கு மேலேயே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். வழிய வேண்டியதில் பெரும்பகுதி முதல் பத்து விநாடிக்குள் வழிந்துவிடும். ஆளின் கையில் கனமான ஜிக் இருக்கும்போது பத்து விநாடி என்பது நீண்ட நேரம். அதனால் "பொறுமையா எடுங்க" என்று சொல்லிப் பயனில்லை. தொட்டிக்கு மேலே ஜிக்கைத் தொங்கவிட ஒரு கம்பி போட்டுக் கொடுங்கள். ஆள் ஒன்றைத் தொங்கவிட்டு அடுத்ததை எடுக்கட்டும். நிக்கலில் ஓர் எச்சரிக்கை: சூடான பொருள் காற்றில் காய்ந்துவிட்டால் நிக்கலின் மேற்பரப்பு மந்தமாகி, அதன் மேல் குரோம் சரியாகப் பிடிக்காது. அதனால் வழிய விடும்போது மெல்லிய தூவலாகக் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். அந்தத் தண்ணீரும் தொட்டிக்குள்ளேயே விழட்டும்.

ஜிக்கின் பூச்சு வெடித்திருக்கிறதா, பொருள் கிண்ணம் போலக் கரைசலை ஏந்தும் நிலையில் மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சற்றுச் சாய்த்து, ஒரு மூலை கீழே வரும்படி மாட்டினாலே வித்தியாசம் தெரியும். தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சாய்வான தகடு போட்டால் அங்கே சொட்டுவதும் திரும்பிவிடும்.

இப்போது மேஸ்திரி சொன்னதற்கு வருகிறேன். அவருடைய கவலை நியாயமானது. சரியாக அலசாத நிக்கல் குரோம் தொட்டிக்குள் போனால் கரைசலும் கெடும், சரக்கும் கறைபடும். ஆனால் அலசலின் தரத்தை முடிவு செய்வது ஓடும் நீரின் அளவு மட்டும் இல்லை. எத்தனை தொட்டியில் அலசுகிறோம் என்பது அதைவிட முக்கியம். துவைத்த துணியை ஒரே வாளியில் பத்துத் தடவை முக்குவதைவிட மூன்று வாளியில் ஒவ்வொரு தடவை முக்கினால் சோப்பு நன்றாகப் போகும், இல்லையா? அதுதான் இங்கேயும்.

கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய வேண்டும் என்று வையுங்கள். டிராக் அவுட் மணிக்கு ஒரு லிட்டர் என்றால், ஒரே தொட்டியில் அதற்கு மணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டிகளை வரிசையாக வைத்து, சரக்கு ஒரு திசையில் போக, புதுத் தண்ணீர் கடைசித் தொட்டியில் விழுந்து முந்தைய தொட்டிக்கு வழிந்து எதிர்த்திசையில் வந்தால், அதே தரத்துக்கு மணிக்கு 32 லிட்டர் போதும். மூன்று தொட்டி என்றால் 10 லிட்டர். கணக்கில் மந்திரம் எதுவும் இல்லை. ஆயிரத்தின் வர்க்கமூலமும் கனமூலமும்தான். நடைமுறையில் தொட்டிக்குள் கலப்பு முழுமையாக நடக்காது என்பதால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுகூட, இரண்டு தொட்டிக்கு மணிக்கு 60, 70 லிட்டர்தான். ஆயிரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

இதற்கு வேண்டியது இன்னொரு தொட்டியும், தண்ணீர் ஒரு பக்கம் அடியில் நுழைந்து எதிர்ப்பக்கம் மேலே வழியும்படி குழாயமைப்பும், கீழிருந்து காற்று விட்டுக் கலக்கும் ஏற்பாடும். இடம் இல்லை என்றால், இருக்கும் பெரிய தொட்டியின் நடுவே தடுப்பு வைத்தே இரண்டாக்கலாம். கடைசித் தொட்டியில் கடத்துதிறன் அளவைப் பார்த்துத் தானாகத் திறந்து மூடும் வால்வு வைத்துவிட்டால், சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் சும்மா ஓடாது. மேஸ்திரிக்கும் அந்த மீட்டரையே காட்டுங்கள். பழைய அலசலின் கடைசி நீரில் என்ன எண், புதிய வரிசையின் கடைசி நீரில் என்ன எண் என்று அவரே படித்துப் பார்க்கட்டும். அனுபவமுள்ள ஆளின் சந்தேகத்தைத் தீர்க்க இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. நிக்கல் தொட்டி 55, 60 பாகை சூட்டில் இருப்பதால் அதிலிருந்து தொடர்ந்து நீர் ஆவியாகிறது. மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதைத் தொட்டியின் பரப்பால் பெருக்கினால் ஒரு நாள் ஆவியாதல் தெரிந்துவிடும். அதை இப்போது புதுத் தண்ணீரால் நிரப்புகிறீர்கள். அதற்குப் பதிலாக முதல் அலசல் தொட்டியின் நீரை ஊற்றினால், வெளியே போன நிக்கல் வீடு திரும்பிவிடும். அலசல் நீரின் தேவை ஆவியாதல் அளவுக்கே குறைந்துவிட்டால், நிக்கல் வரிசையிலிருந்து கழிவுநீர் ஏறக்குறைய நின்றே போகும். மூன்று தொட்டி வரிசையில் இது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

சூடு குறைந்த குரோம் தொட்டியில் ஆவியாதல் போதாது. அங்கே வேறு வழி உண்டு. ஓட்டமில்லாத ஒரே தொட்டியில், குரோமுக்குள் போகும் முன் ஒரு முக்கு, வெளியே வந்தபின் ஒரு முக்கு. வந்தபின் விட்டுப்போன கரைசலில் ஒரு பங்கை, அடுத்த சரக்கு உள்ளே போகும்போது எடுத்துக்கொண்டு போகும். சில காலத்தில் அந்தத் தொட்டியின் அடர்த்தி முலாம் கரைசலில் பாதியாக வந்து நிற்கும். டிராக் அவுட்டில் பாதி எந்த இயந்திரமும் இல்லாமல் திரும்பிவிடும்.

திருப்பி ஊற்றுவதில் ஒரு விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். வெளியே போய்க்கொண்டிருந்த அழுக்கும் இனி தொட்டியிலேயே தங்கும். நிக்கல் கரைசலை ஒழுங்காகக் கார்பன் வடிகட்டியில் விட வேண்டும். செம்பு, துத்தநாகம் சேர்ந்தால் சரக்குக்குப் பதில் டம்மி தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, குறைந்த மின்னோட்டத்தில் அவற்றை அதில் படிய வைத்து இழுக்க வேண்டும். அலசலுக்குக் கரைந்த உப்புகளை எடுத்துவிட்ட, அதாவது அயனி நீக்கிய நீர் வேண்டும், இல்லாவிட்டால் கடினநீரின் கால்சியம் தொட்டியில் ஏறிக்கொண்டே போகும். இந்த ஒழுக்கம் இல்லாத பட்டறையில் திருப்பி ஊற்றும் ஏற்பாடு சில மாதங்களில் சரக்கைக் கெடுத்து, பிறகு கைவிடப்படும்.

அந்த இளமஞ்சள் நிறம் பற்றி: அது பெரும்பாலும் ஹெக்சாவேலன்ட் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம். உங்கள் கேள்விகளில் மிக அவசரமானது இதுதான். ஹெக்சாவேலன்ட் நிலையில் உள்ள குரோமியம் சுண்ணாம்பில் படியவே படியாது; கரைந்தபடியே வெளியேறிவிடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள் அது. குரோம் அலசல் நீரைத் தாமதிக்காமல் தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள். அதைத் தனித் தொட்டியில் அமிலம் சேர்த்து பிஎச்சை 2க்கும் 3க்கும் இடையே இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு, நச்சு குறைந்த, படியக்கூடிய டிரைவேலன்ட் நிலைக்கு மாற்ற வேண்டும். பிஎச் ஏறினால் இந்த மாற்றம் மிகவும் மெதுவாகிவிடும். நிறம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும், ஆனால் கண்ணை நம்பாமல், மாற்றம் முடிந்ததா என்று காட்டும் ஓஆர்பி மீட்டரையும் சோதனைக் கிட்டையும் நம்புங்கள். அந்தத் தொட்டியிலிருந்து கந்தக டைஆக்சைடு வாயு வரும், காற்றோட்டம் கட்டாயம். பிறகு பிஎச்சை 8 முதல் 8.5 வரை ஏற்றினால் குரோமியம் படியும். நிக்கல் நன்றாகப் படிய 10 பக்கம் போக வேண்டும். ஒரே குழியில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். மஞ்சளை மறைக்க நல்ல தண்ணீர் கலக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குரோமியத்தின் அளவு அப்படியேதான் இருக்கும்.

மெட்டாபைசல்ஃபைட்டுக்குப் பதில் மலிவாக ஃபெரஸ் சல்ஃபேட் போடலாம் என்பார்கள். வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு குரோமியத்துக்கும் மூன்று இரும்பு கூடவே படிவதால் கசடு எடையில் நான்கு மடங்காகும். உங்களுக்கு அது வேண்டாம். சயனைடு இல்லை என்று எழுதியிருப்பது நிம்மதி. பின்னாளில் சயனைடு தொட்டி ஏதாவது வைத்தால், அந்த நீர் அமிலம் இருக்கும் இந்த வரிசைப் பக்கம் வரவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் வாயு உயிரை எடுத்துவிடும்.

தொட்டிகளுக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையரைக் குளிர்விக்கும் நீரும் மழைநீரும் அந்தக் குழிக்குள் விழுகின்றனவா என்றும் பாருங்கள். விழுந்தால் வெளியே திருப்புங்கள். அது சுத்திகரிக்க வேண்டிய நீரே இல்லை.

சரி, கசடு. செங்கல்லில் கலந்துவிட்டால் கட்டுண்டு போகும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. உங்கள் கசடில் குரோமியம் டிரைவேலன்ட் நிலையில் இருந்தாலும், சுண்ணாம்போடு சேர்த்துக் காற்றுள்ள சூளையில் சுட்டால் அதில் ஒரு பகுதி மீண்டும் ஹெக்சாவேலன்ட் ஆகி, நீரில் கரையும் குரோமேட்டாக மாறும். நீங்கள் செலவழித்து மாற்றியதை நெருப்பு திருப்பி மாற்றிவிடும். அந்தச் சுவருக்குள் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. முலாம் கசடு பெரும்பாலான நாடுகளில் அபாயக் கழிவாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. கொடுத்த பிறகும் பொறுப்பு உங்களைவிட்டுப் போகாது. உரிமம் உள்ள இடத்துக்கு மட்டும், ஆவணத்தோடு அனுப்புங்கள். நிக்கலைத் தனியே படிய வைத்தால் இன்னொரு கதவும் திறக்கும்: கலப்பில்லாத நிக்கல் கசடை உலோகம் மீட்கும் ஆலைகள் மூலப்பொருளாக ஏற்கலாம். நிக்கலும் குரோமும் சுண்ணாம்பும் கலந்ததை ஏற்க அவர்கள் தயங்குவார்கள். சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் சோடா போட்டால் கசடின் அளவும் குறையும். ஆனால் துகள் மெல்லியதாக இருப்பதால் படியக் கூடுதல் நேரம் வேண்டும்.

டிரைவேலன்ட் குரோமுக்கு மாறுவது நல்ல முடிவு, ஆனால் முதல் முடிவு இல்லை. அலங்கார வேலைக்கு அது தாராளமாகப் போதும். வழக்கமான ஹெக்சாவேலன்ட் தொட்டியில் லிட்டருக்கு 130 கிராம் பக்கம் குரோமியம் இருக்கும். டிரைவேலன்ட் தொட்டியில் பொதுவாக 5 முதல் 25 கிராம்தான். எனவே அதே டிராக் அவுட்டில் வெளியேறும் குரோமியமும் பல மடங்கு குறையும், தொழிலாளர் மூச்சில் போகும் நச்சு ஆவியும் போகும். ஆனால் அந்தக் கரைசல் நிக்கல், செம்பு கலப்பைத் தாங்காது, ஈயத்தாலான நேர்மின் தகடும் (ஆனோடு) அதற்கு ஆகாது. நிக்கல் அலசல் சரியில்லாத இன்றைய நிலையில் மாறினால் சில வாரங்களில் தொட்டி கெட்டு, டிரைவேலன்ட் மேல் பழி விழும். அலசலைச் சீராக்கிய பிறகு மாறுங்கள். அதுவரை, குரோம் ஆவியை அடக்க ஊற்றும் ரசாயனத்தில், இயற்கையில் எளிதில் சிதையாத பிஎஃப்ஓஎஸ் என்ற ஃபுளோரின் சேர்மம் இருக்கிறதா என்று சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இலேயே அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

தண்ணீர் குறையும்போது கழிவுநீரில் கரைந்த உப்பின் அடர்த்தி ஏறும். உங்கள் உரிமத்தில் அதற்கு வரம்பு இருந்தால் முன்கூட்டியே அதிகாரிகளிடம் பேசிவிடுங்கள். உலோகம் பற்றிப் பயம் வேண்டாம். படிய வைத்தபின் நீரில் மிஞ்சும் உலோகத்தின் அடர்த்தி பெரும்பாலும் பிஎச்சைப் பொறுத்தது. எனவே 14,000 லிட்டருக்குப் பதில் 4,000 லிட்டர் வெளியேறினால் வெளியே போகும் உலோகமும் அந்த அளவுக்குக் குறையும். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிகிரீசிங் ரசாயனத்தில் ஈடிடிஏ போன்ற பொருள் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தவறும், ஏனென்றால் அது உலோகத்தைப் படியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த லேபிளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் நாள் கழிவுநீர் 10,000 லிட்டருக்குக் கீழே வராவிட்டால், அல்லது உற்பத்தியை நிச்சயமாகப் பெருக்கப் போகிறீர்கள் என்றால், ஆலோசகரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அப்போது அவரிடம் பிரித்த வரிசைகளின் எண்களைக் கொடுத்து, குரோமுக்கு ஒன்று, நிக்கலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வடிவமைக்கச் சொல்லுங்கள்.

குரோம் நீரைப் பிரிக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். ஜிக்குக்கு எத்தனை மில்லி என்ற இரண்டு எண்களையும், அலசல் தொட்டிகளின் நீள அகல ஆழத்தையும், நிக்கல் தொட்டியின் ஒரு நாள் ஆவியாதலையும் எழுதி அனுப்பினால், மூன்று தொட்டி வரிசை உங்கள் இடத்தில் அமையுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.